சைக்கிள்காரர்களுக்குக் குதிகால் தசைநார் வலி: வால்பாறைக்கு மறுபடி ஏறும் வரை ஒரு முழு வழிகாட்டி

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் நொண்டுவீர்கள். காப்பி குடித்து முடிப்பதற்குள் சரியாகிவிடும். சைக்கிளில் ஏறியதும் முதல் சில கிலோமீட்டர் குதிகாலுக்கு மேலே பிடித்து இழுக்கும், பிறகு மறந்தே போகும். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, நாற்காலியை விட்டு எழுந்தால் மறுபடி பிடிக்கும். கோவை, பொள்ளாச்சி, ஈரோட்டுச் சைக்கிள் குழுக்களில் "குதிகால் நரம்பு இழுக்குதுங்க" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான். அக்கிலிஸ் தசைநார் வலி.

நடுவில் வலி மறைந்துபோவதுதான் இதிலுள்ள ஏமாற்று. சூடானதும் வலி போய்விடுவதால் நாம் 40 கிலோமீட்டரை 80 ஆக்குகிறோம். மறுநாள் வெடியால எந்திரிச்சா காலை ஊன்ற முடியாது.

குழுவில் கேட்டால் இரண்டு யோசனை கிடைக்கும். ஒன்று, "ரெண்டு மாசம் சைக்கிளைத் தொடாதீங்க". இன்னொன்று, "ஓட்ட ஓட்டச் சரியாயிரும் தம்பி". இரண்டும் வேலைக்கு ஆகாது. முழு ஓய்வில் வலி அடங்கும். ஆனால் நாரின் பலமும் கூடவே குறையும். அதனால் திரும்பி ஏறிய முதல் மேட்டிலேயே வலி வந்து நிற்கும். இந்த நாருக்குச் சுமை வேண்டும், அதுவும் அளந்து கொடுத்த சுமை. கீழே இருப்பதெல்லாம் அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில் விரல் வைத்துப் பாருங்கள்

கெண்டைக்காலின் இரண்டு தசைகளும் கீழே இறங்கி ஒன்றாகச் சேர்ந்து, குதிகால் எலும்பின் பின்புறம் ஒட்டிக்கொள்கிற தடித்த நார்தான் அக்கிலிஸ். உடம்பிலேயே பெரிய, பலமான தசைநார் இதுவே. பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறு போல, ஒரே திசையில் ஓடும் இழைகள் சேர்ந்து முறுக்கேறியது. தாங்கும் அளவுக்கு மேல் இழுவை தொடர்ந்து விழுந்தால் இழைகளின் ஒழுங்கு கலைந்து, நார் தடித்துவிடும். இது வெறும் வீக்கம் இல்லை. வீக்க மாத்திரை போட்டு மட்டும் இது தீராததற்குக் காரணமும் அதுவே.

உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாரைப் பிடித்துக் கீழிருந்து மேலாக மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். எலும்பில் ஒட்டும் இடத்துக்கு மேலே 2 முதல் 6 செ.மீ. வரையிலான பகுதியில் வலித்தால், அல்லது சின்ன முடிச்சு மாதிரி தட்டுப்பட்டால், அது நடுப்பகுதிப் பாதிப்பு. ஷூவின் பின்விளிம்பு உரசும் இடத்தில், எலும்போடு ஒட்டினாற்போல் வலித்தால் அது ஒட்டுமிடப் பாதிப்பு. பயிற்சி இரண்டுக்கும் வேறுபடும் என்பதால் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வலி உள்ளங்காலில், குதிகாலுக்கு அடியில் இருந்தால் அது வேறு சங்கதி. இந்தக் கட்டுரை அதற்கு உதவாது.

எப்போது நேராக டாக்டரிடம் போக வேண்டும்

பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல, அல்லது 'டப்' என்று சத்தம் கேட்டு, திடீரென வந்த வலி என்றால் நார் அறுந்திருக்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்துப் பாதங்களை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வீட்டில் ஒருவரைக் கெண்டைச்சதையைப் பிழியச் சொல்லுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்கள். அசைந்தாலும் நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

கெண்டைக்கால் முழுக்க வீங்கிச் சூடாக, கனமாக இருக்கிறது, அண்மையில் நீண்ட பயணமோ அறுவை சிகிச்சையோ நடந்தது என்றால், இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கக்கூடும். அது அவசரம். இரண்டு குதிகாலிலும் வலி, கூடவே காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு இறுக்கம் என்று இருக்கிற இளைஞர்கள் மூட்டுவாத டாக்டரைப் பார்ப்பது நல்லது. சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலம் மூன்றும் இந்த நாரைத் தொடக்கூடியவை. 40 தாண்டியவர்கள் ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்துவிடலாம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளோக்சசின், லெவோஃப்ளோக்சசின், ஆஃப்ளோக்சசின் வகை மாத்திரைகள் தசைநாரைப் பலவீனப்படுத்தக்கூடியவை. நார் அறுந்துபோகும் ஆபத்தைப் பற்றி 2008-லேயே அமெரிக்க மருந்துத் துறை அவற்றின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. 60 வயது தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன். அண்மையில் இதில் எதையாவது சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்களாகவே பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

எங்கிருந்து வந்தது என்று பழைய ஒரு மாதத்தைத் தேடுங்கள்

பெரும்பாலும் காரணம் அங்கே கிடைக்கும். தட்டைச் சாலையிலேயே ஓட்டியவர் ஒரு ஞாயிறு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போயிருப்பார். அல்லது பண்ணாரியிலிருந்து திம்பத்தின் 27 வளைவு. புது ஷூ, புது கிளீட் (ஷூவின் அடியில் மாட்டிப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு), யாரோ ஏற்றிவிட்ட சீட், கடன் வாங்கிய சைக்கிள், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் அடிக்கும் தென்மேற்குக் காற்றில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் மேற்கே பார்த்து மிதித்தால் தட்டைச் சாலையும் மலைதான். அங்கே காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மலையிலாவது கியரைக் குறைப்போம். எதிர்காற்றில் வீம்புக்குப் பெரிய கியரிலேயே முக்குவோம்.

சைக்கிளுக்கு வெளியே இருக்கும் சுமையை யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடந்தது. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியது. வீட்டில் முழுக்கத் தேய்ந்த ரப்பர் செருப்பு. நாருக்கு அது மிதித்ததா, நடந்ததா என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கும்.

முதல் இரண்டு வாரம்: அடக்குவது

வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடப் பழகுங்கள். ஓட்டும்போது 3 வரை வந்தால் பரவாயில்லை. ஆனால் உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில்தான். எழுந்து நடக்கும் முதல் பத்து அடியில் நேற்றைவிட வலியோ இறுக்கமோ கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அதே அளவாகவோ குறைவாகவோ இருந்தால் நேற்றைய அளவு சரி. தொலைபேசியில் தினமும் ஒரு எண்ணாகக் குறித்து வையுங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2007-ல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில் பயிற்சியோடு சேர்த்து ஓடவும் குதிக்கவும் ஒரு குழுவை அனுமதித்தார்கள். வலி 5-க்குள் இருக்க வேண்டும், மறுநாள் காலைக்குள் அடங்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் சில வாரம் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் செய்த குழுவைவிட அவர்கள் பின்தங்கவில்லை. நான் 3 என்று இறுக்கிச் சொல்வதற்குக் காரணம், சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு ஒவ்வொரு காலும் 5,000 தடவை மிதிக்கிறது. ஒவ்வொரு மிதியும் சின்னதுதான், எண்ணிக்கைதான் வினை.

ஆகவே இந்த இரண்டு வாரம் மலை இல்லை, எழுந்து நின்று மிதிப்பது இல்லை, குழுவோடு போட்டி இல்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால் ஓரத்துச் சாலை மாதிரி தட்டையான இடத்தில், வழக்கமான தூரத்தில் பாதி, லேசான கியர். அதற்கும் காலையில் வலி கூடினால் சில நாள் நிறுத்திவிட்டு, கீழே சொல்லும் அசையாப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். குதிகால் பக்கம் ஒரு செ.மீ. உயரமுள்ள செருப்பு, அல்லது ஷூவுக்குள் குதிகால் மட்டும் உயர்த்தும் பட்டை, சில வாரத்துக்கு நல்ல உதவி. ஒட்டுமிட வலிக்காரர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். ஐஸ் ஒத்தடம் வலியை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். கெண்டைச்சதையை எண்ணெய் போட்டு நீவினால் இதமாக இருக்கும், தாராளமாகச் செய்யலாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று நாரையே கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். படியில் குதிகாலைத் தொங்கவிட்டு இழுக்கும் நீட்சியும் இப்போது வேண்டாம்.

சைக்கிளைச் சரிபார்ப்பது

டிரெயினர் (நின்ற இடத்திலேயே மிதிக்கச் சைக்கிளை மாட்டும் தாங்கி) இருந்தால் அதில், இல்லாவிட்டால் நேரான சாலையில், ஒருவரைப் பக்கவாட்டில் வரச்சொல்லி உங்கள் பாதத்தை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பத்து மிதி போதும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெடல் அடிமட்டத்துக்கு வரும்போது குதிகால் எங்கே இருக்கிறது?

குதிகால் மேலே தூக்கி, நுனிக்காலால் எட்டிப் பிடித்து மிதிக்கிறீர்கள் என்றால் சீட் உயரம் அதிகமாக இருக்கக்கூடும். கெண்டைச்சதை ஓயாமல் வேலை செய்கிறது. மாறாக, மிதி தொடங்கும்போது குதிகால் பெடலைவிடக் கீழே தொங்கினால் சீட் தாழ்வாக இருக்கலாம். அப்போது நார் நீண்டு இழுபடும்போதே முழு பலமும் விழுகிறது. இரண்டு காலும் தரையில் படணும் என்று சீட்டைத் தாழ்த்தி ஓட்டும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. நிற்கும்போது வசதி, மிதிக்கும்போது வினை.

தோராய உயரத்துக்கு ஒரு வழி: சீட்டில் நேராக உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும். கணக்கு வேண்டுமென்றால், சுவரோரம் வெறுங்காலில் நின்று கவட்டையிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த அளவு. இதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றினால் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது.

அடுத்தது கிளீட். பெடல் அச்சு கால்விரல்களை நோக்கி முன்னே போகப் போக, கணுக்காலுக்கும் பெடலுக்கும் இடையிலான நெம்புகோல் நீளும், நார் தாங்கும் பாரமும் கூடும். எனவே கிளீட்டை இரண்டு பக்கமும் குதிகால் நோக்கிப் பின்னே தள்ளுங்கள். தள்ளுவதற்கு முன் பழைய இடத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். 4 மி.மீ. அலன் கீ எடுத்துத் தளர்த்தி, 5 மி.மீ. பின்னே நகர்த்தி இறுக்கினால் சீட்டையும் 2, 3 மி.மீ. இறக்க வேண்டிவரும். கால் பெடலை எட்டும் தூரம் மாறிவிடுகிறதே. கிளீட்டின் நிறத்தையும் பாருங்கள்: ஷிமானோ ரோடு கிளீட்டில் மஞ்சள் 6 டிகிரி அசைய விடும், நீலம் 2, சிவப்பு அசையவே விடாது. குதிகால் வலி இருக்கும்போது சிவப்பை மாட்டிக்கொண்டு திரிய ஒரு காரணமும் இல்லை.

சாதாப் பெடலில் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டு ஓட்டுபவருக்குச் செலவே இல்லை. பாதத்தைச் சற்று முன்னே தள்ளி, பெடலைப் பாதத்தின் நடுப்பக்கமாக வைத்து மிதியுங்கள். பார்க்க அழகாக இருக்காது, நாருக்கு நிம்மதி.

பிறகு கியர். எனக்குக் கேட்டால் முழு சைக்கிளிலும் இதுதான் பெரிய சங்கதி. முன்னே 34, பின்னே 32 பல் போட்டு நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. சொச்சம் வரும். அதே வேகத்தை முன்னே 39, பின்னே 25 வைத்த பழைய ரோடு சைக்கிளில் பிடிக்க 48 சுற்று போதும். அதாவது, அதே மேடு, அதே வேகம், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலம். மருதமலைக்குச் சின்ன ஏற்றம், சமாளித்துவிடலாம். கோத்தகிரி சாலையில் மணிக்கணக்கில் இதே நிலை என்றால் நார் எங்கே தாங்கும்? பின்சக்கரத்துக்கு 32 அல்லது 34 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு) மாட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சங்கிலியைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பழைய டீரெய்லரால் பெரிய கேசட்டை எட்ட முடியாமல் போகலாம், அதனால் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சுற்று எண்ண மீட்டர் வேண்டாம். வலது முழங்கால் மேலே வருவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். தட்டையில் 80–90, ஏற்றத்தில் 70-க்குக் கீழே போகாமல் பாருங்கள்.

பயிற்சி: குணம் இதில்தான்

சைக்கிளைச் சரிசெய்தால் புண்படுத்துவது குறையும். நார் பலமாவது பயிற்சியில் மட்டுமே. பலர் இந்த இடத்தில்தான் நழுவுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து கேசட் மாற்றுவார்கள், பத்து நிமிடம் குதிகால் தூக்க மாட்டார்கள்.

முதலில் அசையாப் பயிற்சி. சுவரைப் பிடித்து நின்று, இரண்டு காலின் குதிகாலையும் பாதி உயரம் தூக்கி, அப்படியே 45 விநாடி நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி 5 தடவை, தினமும். சிலருக்கு இதிலேயே வலி தணியும். இரண்டு காலில் சுலபமானதும் வலிக்கும் காலில் மட்டும் நில்லுங்கள்.

காலை வலி 3-க்குக் கீழே சில நாள் நின்றதும் அடுத்தது. இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். சுவீடனைச் சேர்ந்த எலும்பு டாக்டர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே இந்த வலி இருந்தது. அறுவை சிகிச்சை செய்ய அவருடைய மேலதிகாரி மறுத்துவிட, நார் அறுந்தாவது போகட்டும், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று கோபத்தில் அதன்மேல் சுமையை ஏற்றினார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 1998-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களும் 12 வாரத்தில் மறுபடி ஓடினார்கள்.

அவருடைய முறை இது. படி விளிம்பில் நுனிக்காலால் நின்று, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குவது. முழங்காலை நேராக வைத்து 15 தடவை 3 சுற்று, சற்று மடித்து 15 தடவை 3 சுற்று. காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. சுலபமானதும் முதுகுப்பையில் சுமை.

ஒட்டுமிட வலிக்காரர்கள் படி விளிம்புக்குப் போகக் கூடாது. குதிகால் தரைக்குக் கீழே இறங்கினால் எலும்பு நாரை நசுக்கும். தரையில் நின்றே தூக்கி, தரை வரை மட்டும் இறக்குங்கள்.

நாளுக்கு 180 என்பது நெசவுக்கோ மில் ஷிப்டுக்கோ ஓடுகிறவர்களுக்கு நடக்காத காரியம். அவர்களுக்கு எடை கூட்டி மெதுவாகத் தூக்கும் முறையைச் சொல்வேன். 2015-ல் வந்த டென்மார்க் ஆய்வில் இதற்கும் ஆல்ஃப்ரெட்சன் முறைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. வாரத்துக்கு 3 நாள் போதும். 3 விநாடியில் மேலே, 3 விநாடியில் கீழே. முதல் வாரம் 15 தடவைக்கு மேல் முடியாத அளவு எடை, அடுத்த 2 வாரம் 12 தடவை, பிறகு 10, பிறகு 8, கடைசி வாரங்களில் 6 தடவை மட்டுமே முடிகிற எடை. ஒவ்வொன்றிலும் 3 அல்லது 4 சுற்று. ஜிம் இல்லாவிட்டால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பையைப் போட்டு ஒற்றைக்காலில் தொடங்கி, வாரம் ஒரு சில கிலோவாகக் கூட்டுங்கள்.

முழங்காலை மடித்துச் செய்யும் பாதியை விட்டுவிடாதீர்கள். மடித்த நிலையில் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்குத்தான் வேலை அதிகம். பெடலில் முழங்கால் ஒருபோதும் முழுக்க நேராவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஓட்டக்காரர்களைவிட நமக்கு அது கூடுதல் தேவை.

பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும், பயப்பட வேண்டாம். மறுநாள் காலை எண்தான் மறுபடி நீதிபதி. ஆறு வாரத்தில் ஒன்றுமே மாறவில்லை போலத் தோன்றும். தசைநார் மெதுவாகத்தான் மாறும், 12 வாரம் என்பதைக் குறைந்த அளவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி, ஸ்கேன்

அல்ட்ராசவுண்டில் நார் தடித்தது தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் அப்படித் தெரிவதுண்டு, அதனால் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து மிரளாதீர்கள். நாருக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள், நார் அறுந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்கு நல்ல விலை. ஆனால் 2010-ல் நெதர்லாந்தில் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், பயிற்சியோடு சேர்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையாவிட்டால் அதிர்வலை சிகிச்சை பற்றி பிசியோவிடம் பேசலாம்.

மலைக்குத் திரும்புவது

வலித்த காலால் மட்டும் நின்று குதிகாலை எத்தனை தடவை தூக்க முடிகிறது, நல்ல காலால் எத்தனை? 25-ஐ ஒட்டி வந்து, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றால் மலையைப் பற்றி யோசிக்கலாம்.

தூரத்தையும் ஏற்றத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். முதலில் தட்டையில் பழைய தூரம். பிறகு சிறுவாணி சாலை மாதிரி மேடும் பள்ளமுமான பாதை. அது ஒத்துவந்தால் மருதமலை ஒரு ஏற்றம், உட்கார்ந்தபடியே. அடுத்தநாள் ஓய்வு, காலை எண் பார்த்துவிட்டு அடுத்த வாரம் இரண்டு ஏற்றம். ஆடி மாதம் என்றால் விடியும் முன் மேற்கே போய், காற்று ஏறியதும் முதுகுக்காற்றில் திரும்புவது போலப் பாதையைப் போடுங்கள்.

வால்பாறைக்கு முதல் தடவையே உச்சி வரை போக வேண்டாம். ஆழியாறிலிருந்து அட்டகட்டி வரை போய்த் திரும்புங்கள். குழுவில் யாராவது "இவ்வளவு தூரம் வந்தாச்சுங்களே, மேல போயிரலாம்" என்பார்கள். டீ குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள். அடுத்த இரண்டு நாள் காலையிலும் வலி எண் கூடாமல் இருந்தால் அடுத்த முறை 40-ஐயும் ஏறலாம். குதிகால் தூக்கும் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, சைக்கிள் ஓட்டும் காலம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். பல் தேய்க்கும்போதே ஒரு சுற்று முடிந்துவிடும்.